குழை தாழ்த்த மண்ணும் சொட்டு நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராக நிலத்தடியில் தேங்குகிறது. நீர்வேலியின் வாழைத் தோட்டங்களும், வலிகாமத்தின் முந்திரிகைப் பந்தல்களும், வீட்டு வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாவும் அந்த நீரைத்தான் குடிக்கின்றன. மனிதரும் அதைத்தான் குடிக்கின்றனர். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொள்ளாமல் குடாநாட்டின் பழத்தோட்ட வரலாற்றை எழுத முடியாது.

துலா மிதித்து இறைத்த காலத்தை என் வயதினர் கண்டிருக்கின்றனர். ஒருவர் துலாவின் மீது முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். வேறொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூவரின் வியர்வையில் வந்த நீரை எவரும் வீணாக ஓட விடுவதில்லை. பசளையும் அவ்வாறே. பூவரசங்குழையையும் காவிளாயையும் வெட்டி மண்ணில் தாழ்த்தனர். வேலியும் கூரையும் புதிதாக வேயப்படும்போது கழிந்த பனையோலை தோட்டத்துக்கு வந்தது. ஆட்டுப் பட்டி அடைத்து எருவைப் பெற்றனர். தாழ்த்த ஓலை மெல்ல உக்கி, மண்ணின் ஈரத்தைப் பல நாட்களுக்குப் பிடித்து வைத்தது. இன்றைய விவசாய நூல்கள் மூடாக்கு என்று சொல்வது மரத்தடியில் மேலாகப் பரப்புவதை. எங்களவர் செய்தது புதைப்பதை. முறை வேறாயினும் நோக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. மூவரின் வேலையை மண்ணெண்ணெய் செய்தது. அதைத் தொடர்ந்து யூரியா மூட்டை வந்தது. 1970களில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுக் கமக்காரர் செழித்தனர். அந்தச் செழிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. பல பிள்ளைகள் அந்தப் பணத்தில் படித்தனர். ஆனால் பாத்தி நிரம்ப விட்ட நீர் வேருக்கு வேண்டியது போக எஞ்சியதைக் கீழே கொண்டு சென்றது. யூரியா மண்ணில் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறுகிறது. அது நீரில் எளிதில் கரையும்; செம்மண்ணும் சுண்ணக்கல்லும் அதைத் தடுப்பதில்லை. 1980களில் கிணறுகளை ஆராய்ந்தவர்கள், தோட்டப் பகுதிகளின் பல கிணறுகளில் இந்த உப்பு குடிநீருக்கு ஏற்ற அளவைத் தாண்டியிருந்ததைக் கண்டனர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடியது.

இனி வேறொரு வறண்ட நிலத்துக்குச் செல்வோம். போலந்தில் பிறந்து பலஸ்தீனத்தில் குடியேறிய நீரியற் பொறியியலாளர் சிம்ச்சா பிளாஸ், 1930களில் ஒரே வரிசையில் நின்ற மரங்களில் ஒன்று மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைக் கண்டார். அதன் அடியில் ஒரு குழாய் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பயனுள்ள முறையாக்க, மலிவான பிளாஸ்டிக் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிறு துளை விரைவில் அடைத்துவிடும். எனவே நீரை நீண்ட, சுருண்ட வழியில் ஓடவிட்டு, உராய்வினால் வேகத்தைக் குறைத்தார். 1965இல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையுடன் உடன்பாடு செய்தார். நெட்டாஃபிம் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. மணிக்கு 2 முதல் 4 லீற்றர் வரை வேரடியில் விழும் நீர். அதிலேயே கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுக்கப்படும் பசளை. (எங்கள் பந்தல்களில் ஏறிய முந்திரிகை இனம் ஒன்றின் பெயரும் ‘இஸ்ரேல் புளூ’ என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.)

நீர் மிச்சமாகும் என்பதே சொட்டு நீர்ப்பாசனத்துக்குச் சொல்லப்படும் முதற் பெருமை. குடாநாட்டைப் பொறுத்தவரை அது இரண்டாவது பெருமை என்பேன். வேரைத் தாண்டி இறங்கும் நீர் குறைந்தால் பசளையும் கிணற்றுக்குப் போகாது என்பதே முதலாவது. ஆனால் யூரியாவைக் குறைக்காமல் குழாயை மட்டும் மாற்றினால், அடுத்த மாரி மழை எஞ்சிய உப்பை முழுவதுமாகக் கீழே கழுவிவிடும்.

யூரியா இல்லாத காலங்களையும் இந்த மண் கண்டதுண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் பசளையும் வராமற் போயின. இயந்திரங்கள் ஓய்ந்தன, குழைக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே அறிவிப்பில் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கியது. ஆயத்தம் செய்ய அவகாசமின்றி விளைச்சலை இழந்த கமக்காரனுக்குச் சேதனப் பசளை என்ற சொல்லே கசந்தது. முன்னோர் பல தலைமுறை செய்த நல்ல வேலை தண்டனையாக மாறிய கதை அது.

சொட்டு நீர் இங்கு விரைந்து பரவாததற்குப் பணம் மட்டும் காரணமன்று. எங்கள் நீரில் சுண்ணாம்பு மிகுதி. சொட்டும் வாயில் அது வெள்ளையாகப் படிந்து அடைக்கும். வடிகட்டி வைத்து, இடையிடையே ஐதான அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அணிலும் எலியும் குழாயைக் கடிக்கும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் பங்குக் கிணறு. பலருக்கு உரிமையான கிணற்றில் ஒருவருக்கு முறை வருவது சில நாட்களுக்கு ஒரு தடவை. சொட்டு நீரோ நாள்தோறும் சிறிது கேட்பது. முறை வரும் நாளில் இறைத்துச் சேர்த்துவைக்க ஒரு தொட்டி இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். அந்தத் தொட்டியைக் கட்டியவர்கள், குழாயின் மேல் பழைய பனையோலையைப் பரப்பிவிட்டால் வெயிலில் குழாய் வெடிப்பதும் குறையும், மண்ணும் காயாது.