குன்னத்துக்கு யார் எம்.பி.?

1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மறுபடி ஒட்டி, 2007இல் தனியானது. கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்தது. பிரதிநிதித்துவம் வேறு திசையில் போனது. 2008 மறுவரையறை, தனித்தொகுதியாயிருந்த பெரம்பலூரைப் பொதுத்தொகுதியாக்கியது. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்து திருச்சி, கரூர் மாவட்டங்களில். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமோ, அரியலூர், ஜெயங்கொண்டத்தோடு சிதம்பரம் தொகுதியில்.

எம்.பி. தொகுதி நிதி 1993இல் தொடங்கியது. 2011இல் ஆண்டுக்கு 5 கோடியானது. எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். 'ரோட்டுக்கு யாருகிட்ட போறது?' என்கிறவருக்குக் கலெக்டர் பெரம்பலூரில், எம்.பி. சிதம்பரத்துக்கு. மத்தியச் செலவினத்தைச் சீர்திருத்துவது என்றால், கணக்குக் கேட்பவரும் சொல்பவரும் சந்திக்கிற எல்லை வேண்டும். அடுத்த மறுவரையறையில் எத்தனை சீட் குறையும் என்பதே எல்லோருக்கும் கவலை. கோடுகள் யாருக்காக என்று நான் கேட்கிறேன்.