புரை தீர்ந்த கண்

'புரை' என்னும் சொல்லுக்கு உயர்வு என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். உவம உருபாகவும் அது வழங்கியதுண்டு. வள்ளுவரிடத்தில் அது குற்றம். இன்று நம் பேச்சில் அச்சொல் எஞ்சியிருப்பது பெரும்பாலும் புரையோடிய புண்ணிலும் முதியோரின் கண்ணிலும்தான்.

கண்புரையைக் கண்ணின்மேல் வளரும் சதை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் தெளிவை இழந்து மங்குவதே புரை. வெள்ளெழுத்து வேறு, அதற்குக் கண்ணாடி போதும். புரைக்குப் போதாது.

மங்கிய வில்லையை ஊசி போன்ற கருவியால் கண்ணின் உட்புறமாகத் தள்ளிவிடும் முறையைச் சுச்ருத சங்கிதை விரித்துரைக்கிறது. புரை அகற்றப்படவில்லை, ஒளியின் வழியிலிருந்து ஒதுக்கப்பட்டது, அவ்வளவே. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். 1750இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்கின் கண்களுக்கு ஜான் டெய்லர் என்பவர் இருமுறை அறுவை செய்தார். பார்வை திரும்பவில்லை, சில மாதங்களில் பாக் மறைந்தார். அதற்குச் சற்று முன்னர், 1747இல், பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியேல் வில்லையையே வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கியிருந்தார்.

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசராயிருந்த இரண்டாம் சரபோஜி கண்மருத்துவத்தில் பேரார்வம் கொண்டவர். நோயாளிகளின் கண்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டி, சிகிச்சைக் குறிப்புகளுடன் சேர்த்துவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பெயரற்ற குடிகளின் கண்களும் அரண்மனை ஏட்டில் இடம்பெற்றதை எண்ணி நாம் வியக்கிறோம்.

எடுத்த வில்லைக்கு ஈடாகச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்துவந்தது. உலகப்போரில் விமானிகளின் கண்களில் தெறித்த அக்ரிலிக் துணுக்குகள் தீங்கின்றித் தங்கியிருந்ததைக் கண்ட ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். ஏழைக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் சார்பு நிறுவனமான ஆரோலேப் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியபின், கனி கைக்கு எட்டியது.

இருந்தும் எம் பாட்டி, "புரை முற்றட்டும்" என்று சொல்லியே காத்திருந்தார். முற்றிய புரைதான் அறுவைக்கு ஏற்றது என்பது பழைய முறைகளின் காலத்துக் கருத்து. இன்று, அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும்போதே செய்துகொள்ளலாம். அதை அறியாமல் அவர் தம் கடைசி ஆண்டுகளை நிழல்களுக்கிடையே கழித்தார். பேரப்பிள்ளைகளைக் குரலால் மட்டுமே அடையாளம் கண்டார்.

மூப்பினால் வரும் புரையை முற்றிலும் தடுக்க வழியில்லை. சொட்டு மருந்தோ மூலிகைச் சாறோ அதைக் கரைப்பதுமில்லை. ஆனால் தள்ளிப்போட இயலும். புகையை விடுவது, கடும் வெயிலில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் தொப்பியும் அணிவது, நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பது, ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் நீட்டிக்காதிருப்பது ஆகியன நம் கையில் உள்ளவை. நாற்பதைக் கடந்தோர் கண்ணைச் சோதித்துக்கொள்வதும் நன்று. புரை பறித்த பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். கண்ணழுத்த நோய் பறித்ததை மீட்க இயலாது.

ஊசியால் ஒதுக்கிய காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். நம் வீட்டு மூத்தோரிடம் "எழுத்து தெரிகிறதா?" என்று கேட்கும் வேலை மட்டும் இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.