காஞ்சிபுரம் இட்லி

காஞ்சிபுரம் இட்லி என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகருக்கு உரிய, மிளகு, சீரகம், சுக்கு முதலியன சேர்த்து மூங்கில் குடலையில் அவிக்கப்படும் ஒரு மரபுவழி உணவாகும். இது குடலை இட்லி, கோயில் இட்லி எனவும் அழைக்கப்படுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் காலை வேளையில் இறைவனுக்குப் படைக்கப்பட்டுப் பின்னர் அடியார்களுக்கு வழங்கப்படுகிறது. வழமையான இட்லி உள்ளங்கையில் அடங்கும் வட்டமாக இருக்கும். இதுவோ ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள உருளையாக அவிக்கப்பட்டு, துண்டுகளாக வெட்டி உண்ணப்படுவதாகும்.

பெயர்

குடலை என்பது மூங்கிலாலோ ஓலையாலோ பின்னப்படும் கூடை. இறைவனுக்கு மலர் எடுத்துச் செல்லும் கூடையைப் பூக்குடலை என்பர். அதே வகைக் கூடை இங்கு அவிக்கும் கலமாகப் பயன்படுவதால் குடலை இட்லி என்னும் பெயர் ஏற்பட்டது. உணவகங்கள் வழியாகப் பரவிய பெயர் காஞ்சிபுரம் இட்லி என்பதே.

கோயிலும் மடைப்பள்ளியும்

வரதராசப் பெருமாள் கோயில் 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்று. நகரின் சின்னக் காஞ்சிபுரம் என்னும் பகுதியில் உள்ளது. இதன் கருவறை அத்திகிரி எனப்படும் மேட்டின் மீது அமைந்துள்ளதால் படியேறியே இறைவனைக் காண இயலும்.

வைணவக் கோயில் மடைப்பள்ளிகளில் சில பொருட்கள் விலக்கப்பட்டுள்ளன. புழுங்கல் அரிசி ஏற்கெனவே ஒரு முறை வேகவைக்கப்பட்டது என்பதால் படையலுக்கு ஆகாது. எனவே இங்கு பச்சரிசியே பயன்படுகிறது. மிளகாயும் சேர்க்கப்படுவதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவுக்கு வந்த செடி. அதற்கு முன்பு தமிழர் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். அவ்வகையில் இந்த இட்லி, மிளகாய் வருவதற்கு முந்திய சுவையை இன்றும் நாவுக்குக் காட்டும் உணவுகளுள் ஒன்று எனலாம்.

செய்முறை

பச்சரிசியும் உளுந்தும் ஊறவைக்கப்பட்டு, ரவை போன்ற கொரகொரப்புடன் அரைக்கப்படுகின்றன. உப்புச் சேர்த்து இரவு முழுவதும் புளிக்கவிடுவர். பின்னர் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், சுக்குத் தூள், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றுடன் நெய்யும் நல்லெண்ணெயும் கலக்கப்படுகின்றன. சிலர் புளித்த தயிரும் சேர்ப்பதுண்டு. வீடுகளில் செய்வோர் பச்சரிசி, புழுங்கல் அரிசி, உளுந்து மூன்றையும் சம அளவில் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம்.

குடலையின் உட்புறம் முழுவதும் மந்தாரை இலைகளை அடுக்கி, அதனுள் மாவை ஊற்றுவர். இலைகள் மாவு ஒழுகாமல் தடுப்பதோடு தமக்கே உரிய மணத்தையும் இட்லியின் மேற்பரப்பில் ஏற்றுகின்றன. வாழை இலை எளிதில் கிடைக்கும் ஊரில் மந்தாரை ஏன் என்ற கேள்வி எழலாம். வெந்த துண்டை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அதற்கு விடை தேவைப்படாது. நிரப்பிய குடலைகள் அடியில் நீர் கொதிக்கும் பெரிய கலத்தில் வைத்து மூடப்பட்டு, இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆவியில் வேகின்றன.

புளித்தலும் வேகும் நேரமும்

இட்லி மாவு பொங்குவதற்கு லூக்கோநொசுட்டாக் மெசென்டிராய்டிசு போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முதன்மைக் காரணம். இவை உருவாக்கும் கரிமவளி மாவைப் பொங்கச் செய்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் பசைத்தன்மை அவ்வளியை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது.

வழமையான இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். குடலை இட்லிக்கு மணிக்கணக்கில் நேரம் ஆவதற்குக் காரணம் அதன் தடிப்பாகும். மாவுக்குள் வெப்பம் கடத்தல் முறையில் மெதுவாகவே பரவுகிறது. தடிப்பு இரு மடங்கானால் வேகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்; மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். நடுப்பகுதி வேகும் வரை அடுப்பை அணைக்க முடியாது. மூங்கில் பின்னலின் இடைவெளிகள் வழியாக ஆவி எல்லாப் பக்கங்களிலிருந்தும் மாவை நெருங்குவதும், கொரகொரப்பான மாவு இறுகிப்போகாமல் இருப்பதும் இங்கு துணைபுரிகின்றன. நைசாக அரைத்த மாவை இவ்வளவு உயரத்துக்கு ஊற்றினால் களி போன்ற கட்டியே மிஞ்சும்.

இட்லியின் வரலாற்றில் இதன் இடம்

இட்லி பற்றிய பழைய குறிப்புகள் கன்னட, சமசுக்கிருத நூல்களில் உள்ளன. ஏறத்தாழ 920 இல் எழுதப்பட்ட வட்டாராதனை என்னும் கன்னட நூல் இட்டலிகே என்னும் உணவைக் குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 1025 இல் இயற்றப்பட்ட லோகோபகாரம், உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிநீரும் நறுமணப் பொருட்களும் சேர்க்கும் முறையைக் கூறுகிறது. 12 ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசமும் இதை ஒத்த ஓர் உணவை விவரிக்கிறது.

அரிசி சேர்த்தல், நீண்ட நேரம் புளிக்கவைத்தல், ஆவியில் அவித்தல் ஆகிய மூன்றும் இக்குறிப்புகளில் இல்லை என்பதை உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயா சுட்டிக்காட்டியுள்ளார். அவை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய கருத்து; அது ஊகமே அன்றி நிறுவப்பட்டதன்று. ஆயினும் அப்பழைய உணவுகளில் மாவோடு கலக்கப்பட்ட நறுமணப் பொருட்கள் இன்றைய வெள்ளை இட்லியில் இல்லை, குடலை இட்லியில் உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

பெயரும் பொருளும்

தமிழ்நாட்டு உணவகங்களில் காஞ்சிபுரம் இட்லி என்று விற்கப்படுவது பெரும்பாலும் மிளகும் சீரகமும் தாளித்துச் சேர்த்த மாவைச் சாதாரண இட்லித் தட்டிலோ குவளையிலோ ஊற்றி அவித்ததாகும். சுவை ஓரளவு ஒத்திருந்தாலும், குடலையும் மந்தாரை இலையும் நீண்ட வேகலும் இல்லாமல் கிடைப்பது மிளகு இட்லியே. பெயர் ஊர் ஊராகச் செல்வதற்குச் செலவில்லை. குடலை பின்னுபவரும், இலை சேகரிப்பவரும், மூன்று மணி நேரம் எரியும் அடுப்பும் உடன் செல்வது கடினம்.

இவ்வேறுபாடு அதே மாவட்டத்தில் உள்ள திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் தெளிவாகத் தெரியும். திருப்பெரும்புதூர் 1017 இல் இராமானுசர் பிறந்த ஊர் எனப்படுகிறது. அவர் வரதராசருக்கு நாள்தோறும் கிணற்று நீர் சுமந்து தொண்டு செய்தார் என்பது வைணவ மரபு. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் இப்பகுதி பெருந்தொழில் வட்டாரமாக மாறியது. பணிமுறை மாறும் குறுகிய இடைவேளையில் பெருந்தொகையான தொழிலாளருக்கு உணவளிக்க வேண்டிய ஆலை உணவுக்கூடங்களுக்கு, தட்டுகள் அடுக்கிய நீராவிப் பெட்டியே பொருந்துகிறது. அங்கு கிடைப்பது நிமிடங்களில் வேகும் வெள்ளை இட்லி. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கோயிலின் இட்லி அந்தக் கணக்குக்குள் வராது.

உண்ணும் முறை

நெய்யும் மிளகும் உள்ளேயே இருப்பதால் குடலை இட்லியைத் தனியாகவே உண்ணலாம். உணவகங்களில் சாம்பார், சட்னி ஆகியவற்றுடன் பரிமாறப்படுகிறது. வீடுகளில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுக்கொள்வர். வழிப்பயணத்துக்குக் கட்டிச் செல்லும் உணவாகவும் இது இருந்துவருகிறது. மறுநாள் மிஞ்சிய துண்டுகளை எண்ணெயில் வாட்டி உண்பதும் உண்டு.