நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்த வேலை: 1963 பர்மிங்ஹாம் உடன்பாட்டின் நான்காம் கூறு

1963 மே 10 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், இனப்பிரிவினையை எதிர்த்துப் போராடிய கறுப்பின இயக்கத்தாருக்கும் நகர வணிகர்களுக்கும் இடையே ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்ட உடன்பாட்டை, வணிகத் தலைவர்கள் இன அநீதியை உணர்ந்து மனம் மாறியதற்கோ, மாறாவிடினும் இலாப நட்டம் பார்த்துப் பணிந்ததற்கோ சான்றாகக் காட்டுவது ஆய்வாளரிடையே நிலைபெற்ற வழக்கம். இரு விளக்கங்களும் நிலச்சொத்து நிறுவனத் தலைவரும் வர்த்தகச் சபையின் முன்னாள் தலைவருமான சிட்னி ஸ்மையரையே மையமாகக் கொள்கின்றன. 1961 மே மாதம் ரோட்டரி மாநாட்டுக்காக டோக்கியோ சென்றிருந்த அவர், பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து மேற்கொண்ட 'சுதந்திரப் பயண'த்தின்மீது தம் நகரில் நடந்த தாக்குதலின் படத்தை அங்குள்ள நாளிதழில் கண்டு நாணினார் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் செய்தி. அதனை ஐயுற வேண்டியதில்லை. எனினும் நாணம் அவரை எதை நோக்கிச் செலுத்தியது என்பதை அச்செய்தி கூறவில்லை. அதை உடன்பாட்டின் காலக்கெடுக்களே கூறுகின்றன.

உடன்பாட்டின்படி, ஆர்ப்பாட்டங்கள் நின்ற மூன்று நாள்களுக்குள் கடைகளில் உடை அணிந்துபார்க்கும் அறைகள் எல்லா இனத்தவர்க்கும் பொதுவாக்கப்படும். நகர ஆட்சி எது என்பதை நீதிமன்றம் உறுதிசெய்தபின் 30 நாள்களுக்குள் கழிப்பறை, குடிநீர்க் குழாய்களின் இனப்பிரிவினைப் பலகைகள் அகற்றப்படும். 60 நாள்களுக்குள் சிற்றுண்டி மேசைகளைப் பொதுவாக்கும் பணி தொடங்கும். வேலைவாய்ப்பைப் பற்றிய நான்காம் கூறும், தீர்ப்பிலிருந்து 60 நாள்களுக்குள் குறைந்தது ஒரு கறுப்பின விற்பனையாளரோ காசாளரோ அமர்த்தப்படுவார் என்கிறது. மேயர் தேர்தலில் தோற்ற நகர ஆணையர் கானரின் அணியினரும் அதில் வென்ற புதிய மேயர் பௌட்வெல்லும் ஒரே காலத்தில் நகராட்சிக்கு உரிமை கொண்டாடியதால் தீர்ப்புக்குக் காத்திருக்க நேர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். சிற்றுண்டி மேசைகளைப் பொறுத்தவரை அது பொருந்தும். அவற்றைப் பிரித்துவைக்க நகரச் சட்டமே இருந்தது. ஆனால் விற்பனையாளரை அமர்த்துவது கடை உரிமையாளரின் முடிவு. உடை அணிந்துபார்க்கும் அறையைத் திறப்பதும் அவ்வாறே. இரண்டும் அவர்கள் கையிலேயே இருந்தும், ஒன்றுக்கு மூன்று நாள் போதுமானதாயிற்று, மற்றொன்று நீதிமன்றத்தோடு பிணைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டுக்குச் சட்டம் காரணமாகாது.

வெள்ளையரின் பழிவாங்கலுக்கு அஞ்சியே தள்ளிப்போட்டனர் எனலாம். மே 11 இரவு இயக்கத் தலைவர்களைக் குறிவைத்து வெடித்த குண்டுகள் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டின. ஆயினும் அது உடனே திறக்கவிருந்த அறைகளுக்கும் பொருந்துமாதலின், வேலையை மட்டும் பிரித்து நிறுத்தியதை விளக்காது. மே முதல் வாரத்தில் கடைத்தெருவை நிறைத்த மாணவர் ஊர்வலங்களே அனைத்தையும் தீர்மானித்தன என்ற வாதமோ, உடன்பாடு அந்நேரத்தில் ஏற்பட்டது ஏன் என்பதை விளக்குமேயன்றி அதன் வடிவத்தை விளக்காது.

வடிவத்துக்கான விடை ஸ்மையரின் முந்தைய அரசியலில் உள்ளது எனத் தோன்றுகிறது. ஆணையர் குழு ஆட்சியை அகற்றி மேயரும் மன்றமும் கொண்ட ஆட்சியைக் கொணர அவர் முன்னின்று நடத்திய முயற்சி 1962 நவம்பர் வாக்கெடுப்பில் வென்றது. அவ்வெற்றியைக் காக்கும் தீர்ப்பே உடன்பாட்டின் அச்சாகவும் அமைந்தது. கறுப்பினத்தவரின் வேலை, வணிகர் உருவாக்கிய ஆட்சியின் வருகைக்குப் பின்னர், அவர்கள் வகுக்கும் வேகத்தில் வழங்கப்பட வேண்டிய ஒன்றாயிற்று. குறைந்தது ஒருவர் என்பதை ஒவ்வொரு கடைக்கும் ஒருவர் என இயக்கத்தார் கொள்ள, எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து ஒருவரே என ஸ்மையர் பொருள் கூறியதும் இதனோடு இசைகிறது. அவ்விளக்கம் பின்வாங்கல் அன்று. வாசகத்தின் நோக்கமே அதுதான்.

ஆகவே, மேசைகளும் பலகைகளும் மாறியதன் சிறப்பைக் குறைக்காமலேயே, ஸ்மையரின் மிதவாதத்தை மறுமதிப்பீடு செய்யலாம். அதே ஆண்டு அக்டோபரில், நகரின் பெரும் தொழில் நிறுவனமான யுஎஸ் ஸ்டீலின் தலைவர் ரோஜர் பிளௌ, சமூக மாற்றத்துக்காக நிறுவனத்தின் பொருளாதார வலிமையைப் பயன்படுத்துவது தம் பணியன்று என்றார். அவரது வெளிப்படையான மறுப்பும் ஸ்மையரின் தவணையும் எதிரெதிராக வைக்கப்படுவது வழக்கம். பொது இடங்களைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு மெய். ஊதியம் தரும் வேலையைப் பொறுத்தவரை, இருவரும் விட்டுக்கொடுக்க மறுத்தது ஒன்றையே.