கல்லீரல் புற்றுநோயில் நோயெதிர்ப்பு மருந்துகள்

இம்மருந்துகள் புற்றணுவை நேரடியாகக் கொல்வதில்லை. புற்றணு தன் பிடி-எல்1 புரதத்தால் நோயெதிர்ப்பு டி அணுவின் பிடி-1 ஏற்பியைப் பற்றி, தாக்குதலை அடக்கிவிடுகிறது. அடெசோலிசுமாப் என்னும் மருந்து அந்தப் பிணைப்பைத் தடுக்கிறது. அடங்கியிருந்த டி அணு மீண்டும் தாக்குகிறது. உடன் தரப்படும் பெவாசிசுமாப், கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் முளைப்பதைக் குறைக்கிறது. 2020இல் வெளியான ஐஎம்பிரேவ்150 ஆய்வில், இக்கூட்டு மருந்து பெற்றோரில் 67.2 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் உயிருடன் இருந்தனர். அதுவரை வழக்கத்திலிருந்த சோராஃபெனிப் மருந்து பெற்றோரில் 54.6 விழுக்காட்டினர். முன்னேற்றம்தான், முழுக் குணமல்ல. தூண்டப்பட்ட டி அணுக்கள் நல்ல ஈரலையும் தாக்கலாம். பெவாசிசுமாப் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் முதலில் எண்டோஸ்கோபி அவசியம். விலையோ எளியோர்க்கு எட்டாதது.

இச்சிகிச்சை பற்றி விசாரிக்க, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சிஎம்சி. கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது.