சுவரில் வந்த சாமி



உங்கள் வீட்டுச் சாமி மேடையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். வெள்ளைச் சேலை உடுத்தி, ஆற்றோரப் பாறையில் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதி படம் இருக்கிறதா? "அது எங்க பாட்டி காலத்துப் படமாச்சே" என்பீர்கள். அந்தப் படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848-இல் பிறந்தவர் ராஜா ரவி வர்மா. மேல்நாட்டு எண்ணெய் வண்ண முறையைக் கற்று, நம் தெய்வங்களை நம் வீட்டுப் பெண்களின் சாயலில் தீட்டியவர். அவரது சரஸ்வதியும் லட்சுமியும் 1896-இல் உருவானவை.

அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியம் ஏழை வீட்டுக்கு எப்படி வரும்? அதற்காகவே 1894-இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கல்லில் படம் எழுதி அச்சடிக்கும் முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்! சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். ஒரு கல் இம்மி விலகினாலும் சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்!

இனி நிறங்களின் பொருளைப் பார்ப்போம். சரஸ்வதியின் வெள்ளை, மாசற்ற அறிவு. பின்னிரு கைகளில் ஒன்றில் ஏடு, மற்றொன்றில் செபமாலை. ஏடு படிப்பதற்கு, மாலை, படித்ததைத் திரும்பத் திரும்ப நினைப்பதற்கு. பரிசு வாங்கும் பிள்ளைகளே, இரண்டும் வேண்டும்! "வாகனம் அன்னமாச்சே, பக்கத்தில் மயில் ஏன்?" என்று கேட்பீர்கள். மேற்கு இந்தியாவில் சரஸ்வதியை மயிலோடு காட்டும் வழக்கம் உண்டு. லட்சுமியின் சேலையில் சிவப்பு, நம் குங்குமத்தின் மங்கலம். காலடித் தாமரை, சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாத மலர்.

இதில் நம்மவர் வாழ்க்கை எங்கே வருகிறது என்கிறீர்களா? இங்கேதான் வருகிறது.

பேராக் மாநிலத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்த நம் முன்னோரில் கணிசமானோர், ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ரவி வர்மா பிறந்த திருவிதாங்கூரில் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-இல்தான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939-இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் கப்பலேறிவிட்டார்கள். ஊர்க் கோயில் கருவறையைக் கண்ணால் காணாமலே வந்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு அச்சுப் படம் வந்தது. அது சாதி கேட்கவில்லை, "வெளியே நில்" என்று சொல்லவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், லயத்துச் சுவரில் இருந்த தெய்வத்தை நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டாள். கோயில் கதவு மூடியிருந்தது. படம் வீடு தேடி வந்தது!

பிற்காலத்தில் இந்த வேலையைத் தமிழகத்தில் வளர்த்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலை எழுதிய கை, சாமி படம் எழுதியது. அவரும் அவர் சீடர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியே நாள்காட்டிகளாக வீடு வீடாகப் போனார்கள். பச்சை மயிலும் செவ்வேளும் நம் கண்ணில் நிற்பதற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். "இது மேல்நாட்டுப் பாணி, கடைச்சரக்கு" என்று குறை சொன்ன அறிஞர்கள் உண்டு. சொல்லட்டும்! கும்பிட்டவளின் கண்ணீர் கடைச்சரக்கு அல்லவே.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன. மக்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். வீடு மாறும்போது, கண்ணாடி உடைந்து புகையேறிய பழைய படத்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறோம்.

போகட்டும். ஆனால் வைப்பதற்கு முன், பிள்ளைகளே, ஒரு நிமிடம் பாட்டியிடம் கேளுங்கள்: "ஆயா, இந்தப் படத்தை யார் வாங்கினது? எந்தத் தோட்டத்துல மாட்டியிருந்தீங்க?" அவர் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். சரஸ்வதியின் கையில் இருக்கும் ஏடு, அப்போது உங்கள் கைக்கு வந்துவிடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!