பாளைக்கத்தி

பாளைக்கத்தி என்பது, கருப்பநீரும் கள்ளும் எடுப்பதற்காகப் பனம்பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவப் பயன்படுவதும், கொல்லுப்பட்டறையில் கையால் அடித்து ஆக்கப்படுவதுமாகிய அகன்ற அலகுடைய கத்தியாகும். பனை மிகுந்த மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் சீவல் தொழிலின் பிரதான ஆயுதம் இதுவே.

அலகுக்குப் பழைய லொறியின் வில்லுத்தகடு போன்ற, கரிமம் சேர்ந்த உருக்கே உகந்தது. மெல்லிரும்பு தோய்ச்சலில் இறுகாது. துருத்தியூதிய உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் வடிவுக்குக் கொணர்ந்து, அரத்தால் சமன்செய்த அலகை, காந்தம் பற்றாத ஏறத்தாழ 800 பாகை செல்சியசு உஷ்ணத்தில் எடுத்துத் தோய்த்தால் அது கடினமுறும். ஆயின் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடிய அக்கடினத்தை, 200 முதல் 250 பாகை வரை மீளக் காய்ச்சித் தணிப்பதே இவ்வித்தையின் அதிநுட்பமான கட்டமாகும். அலகில் படரும் வைக்கோல் நிறமே அதற்கு அளவுகோல்.

மரப்பிடி பொருத்திய கத்தியைச் சீவுவோர் கல்தூள் பரப்பிய பலகையில் தீட்டுவர். மழுங்கிய அலகு பாளையை நசுக்கிச் சாற்றொழுக்கைத் தடுக்குமாதலின் இஃது அன்றாட நியமம். கடற்காற்றில் துரு விரைந்து பற்றுவதால் எண்ணெய் பூசுதலும் அவசியம்.

இப்பிரதேசத்தின் இரும்புத்தொழில் மிகத் தொன்மையானது: 1980களில் மாந்தையில் நடந்த அகழாய்வில் இரும்புவேலையின் சான்றுகள் கிடைத்துள்ளன.